ஒரு விரிசலின் வயது

"இது என்னம்மா?"

காலி செய்த வீட்டின் சாவியைக் கொடுக்கப் போன அன்று ஹவுஸ் ஓனர் சார் கேட்ட முதல் கேள்வி இதுதான். சமையலறையில் நின்றிருந்தோம். கைபேசியின் டார்ச்சை மேடைமேல் சாய்த்துப் பிடித்திருந்தார். கறுப்பு கிரானைட்டில் ஒரு கோடு. சிங்க்கின் மூலையில் கிளம்பி, குறுக்கே சரிந்து, மேடையின் முன்விளிம்பில் போய் முடிந்தது. ஒரு சாண் நீளம் இருக்கும். தலைமுடி அகலம்.

குனிந்து பார்த்தேன். விரலால் தடவினேன். நகம் லேசாக மாட்டியது. நாலு வருடம் அதே மேடையில் சமைத்திருக்கிறேன், அந்தக் கோட்டை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். அந்த இடத்தில் எப்போதும் பாத்திரம் கவிழ்க்கும் கூடை இருந்தது. கூடைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்?

இதை அப்படியே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"அய்யோ, சாரி சார்."

அந்த 'சாரி'யை நான் பிற்பாடு எத்தனை தடவை நினைத்து நொந்துகொண்டேன் என்பதற்குக் கணக்கில்லை. பஸ்ஸில் யாராவது நம் காலை மிதித்தால் நாமே சொல்லும் சாரி அது. லிஃப்டில் கதவு மூடிக்கொண்டால் சொல்லும் சாரி. ஒரு மனுஷர் முகம் சுளித்து நிற்கிறாரே, அவரைச் சமாதானம் செய்ய வேண்டுமே என்று தன்னால் வந்து விழுந்த சொல். சார் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

"சாரின்னா எப்படிம்மா? முழு ஸ்லாபையும் மாத்தணும். விசாரிச்சேன், கல்லு, கூலி, சிங்க்கைக் கழட்டி மாட்டுறது எல்லாம் சேத்து 22,000 சொல்றான்."

அட்வான்ஸ் 80,000. வாடகை 16,000. காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்ட்டுக்குக் கழியும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டவள் நான், அதில் பேச்சில்லை. மிச்சம் 64,000 வர வேண்டும். அன்று மாலை என் கணக்குக்கு வந்தது 42,000.

கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "தனியா இருக்கிற பொம்பளப் புள்ளைங்களுக்கு வீடு குடுக்காதீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் குடுத்தேன். ஒடச்சா ஒடச்சேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

22,000 ரூபாய் எனக்குப் பெரிய பணம்தான். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க ஆபீஸில் கடன் கேட்டிருந்த நேரம். ஆனாலும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கடைசி வரி. உடைத்தது ஒரு குற்றம், மறைத்தது இன்னொரு குற்றம். நான் இரண்டையும் செய்யவில்லை.

*

அம்மாவுக்கு போன் போட்டேன். தென்காசியில் இருக்கிறாள்.

"வேண்டாம்ட்டி, விட்ரு. போனது போகட்டும். பெரிய மனுஷன்ட்ட எதுக்கு வம்பு?"

"நான் ஒடைக்கலம்மா."

"நீ ஒடச்சன்னு நான் சொன்னனா? ஊர் பேர் தெரியாத எடத்துல ஒத்தையில கெடக்க. நாளைக்கு அவன் புது வீட்டுக்காரன்ட்ட போயி எதுனாச்சும் சொன்னாம்னா?"

அம்மா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னையில் வீடு தேடிய பெண்களுக்கு அது புரியும். கல்யாணம் ஆச்சா, யார் வந்து போவாங்க, ராத்திரி எத்தனை மணிக்கு வருவே, என்ன சமைப்பே. இத்தனை கேள்விகளையும் தாண்டி ஒரு சாவி கையில் கிடைப்பதற்குள் நம்மிடம் கொஞ்சமாக இருக்கும் நல்ல பெயர் எவ்வளவு விலை உயர்ந்தது என்று தெரிந்துவிடும்.

அன்று ராத்திரி இன்னொன்றும் நடந்தது. எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

ஒருவேளை நான்தான் உடைத்தேனோ? முதல் இரண்டு வருடம் கூட இருந்த ரூம்மேட் இஞ்சி தட்ட ஒரு சின்ன இடிகல் வைத்திருந்தாள். அதை எங்கே வைத்துத் தட்டினாள்? ஒரு பொங்கலுக்கு நான் தேங்காய் உடைத்தேன். வாசல் படியிலா, மேடை விளிம்பிலா? வாசல் படி என்று முதலில் தோன்றியது. அரை மணி நேரம் யோசித்ததும் மேடை விளிம்பில் உடைத்த மாதிரி ஒரு படம் மனசுக்குள் ஓடியது. சத்தம்கூடக் கேட்டது. கோடு சிங்க்கிலிருந்து விளிம்புக்கு ஓடுவதுகூடப் பார்த்த மாதிரி இருந்தது. பெங்களூரிலிருந்த ரூம்மேட்டுக்கு ஒரு மணிக்கு மெசேஜ் போட்டேன். காலையில் பதில் வந்தது: "லூசு, நாம வாசப்படில தானே ஒடச்சோம். எதிர் வீட்டு நாய் வந்து தேங்காத் தண்ணிய நக்கலையா?"

நாய் ஞாபகம் வந்தது. ஆனால் அந்தப் பொய்யான படம் அழியவே இல்லை, இப்போதும் இருக்கிறது. செய்யாத ஒன்றைச் செய்தாய் என்று உறுதியான குரலில் ஒருவர் சொன்னால், நம் நினைவு முதலில் அவருக்குத்தான் வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

*

மறுநாள் ஆதாரம் தேடினேன்.

2021 தையில் குடிபோனபோது அம்மா ஊரிலிருந்து வந்து பால் காய்ச்சினாள். பொங்கி வழியும் பாலைப் படமெடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சமையலறை மேடை அதில் இருக்கும். வாட்ஸப்பில் இருந்த பிரதி சுருங்கிப்போய் மங்கலாக இருந்தது, எடுத்த தேதி விவரமும் அதில் இருக்காது. மூலப்படம் அம்மாவின் பழைய போனில். அண்ணனை விட்டு அதை உயிர்ப்பித்து, மெயிலில் வரவழைத்துத் திறந்தேன்.

எல்லாம் துல்லியமாக இருந்தது. வெள்ளை வெளேரென்று சுவர். அடுப்பு. பொங்கிய பால். அம்மாவின் வளையல். சிங்க்குக்குப் பக்கத்தில், சரியாக அந்த இடத்தில், ஒரு தலைவாழையிலை. அதன்மேல் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சளில் பிடித்த பிள்ளையார்.

விக்கினம் தீர்க்கிற சாமி என் சாட்சியத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அழுகை வரவேண்டிய நேரத்தில் சிரித்துவிட்டேன்.

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். பதினோரு மாதம், பதினோரு மாதமாகப் புதுப்பித்தது. ஏன் பதினோரு மாதம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்: ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்தப் பதினொன்று. தமிழ்நாட்டில் 2017-ல் புது வாடகைச் சட்டம் போட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்து, வாடகை ஒப்பந்தங்களை வாடகை அதிகாரியிடம் பதியச் சொன்ன பிறகும் பழக்கம் போகவில்லை. நாங்களும் பதியவில்லை. வேறு மாதிரிப் பேசிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. நான் ஐந்து மாதம் கொடுத்திருந்தேன்.

இன்னும் பழைய ஒரு சட்டம் கண்ணில் பட்டது. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், 108-வது பிரிவு. குடியிருந்தவர் வீட்டை வாங்கியபோது இருந்த நிலையில் திருப்பித் தர வேண்டும், ஆனால் நியாயமான தேய்மானத்துக்கு அவர் பொறுப்பில்லை. நூற்று நாற்பது வருடத்துக்கு முன்பே யாரோ ஒருவர் உட்கார்ந்து, வீடு என்பது வாழ்ந்தால் தேயும் என்று எழுதி வைத்திருக்கிறார். அது ஏனோ ஆறுதலாக இருந்தது.

ஒன்றைக் கோருகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் அடிப்படை. 1872-ம் ஆண்டுச் சட்டத்தில் 101-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 104. நான் உடைத்தேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் பணம் அவர் கையில் இருக்கிறது. நீதிமன்றத்தில் வேண்டுமானால் பாரம் அவர் தலையில் இருக்கலாம், மாடிப்படியில் நின்று பேசும்போது அது என் தலையில்தான்.

அதனால் ஒரு பட்டியல் போட்டேன். நான் உண்மையில் செய்த சேதங்கள்: ஹாலில் துரப்பணம் போட்டுக் கடிகாரம் மாட்டிய ஓட்டை ஒன்று, பாத்ரூம் கதவுக் கொக்கி உடைந்தது ஒன்று, ஜன்னல் கொசுவலையில் ஒரு கிழிசல். மூன்றுக்கும் நானே பணம் தருகிறேன் என்று எழுதி, நாலாவதாக, 'சமையல் மேடை விரிசல் என்னால் ஏற்பட்டதல்ல, அன்று சாரி சொன்னது ஒப்புதல் அல்ல' என்று எழுதி சாருக்கு அனுப்பினேன். எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரு காரணம். உடைத்ததை உடைத்தேன் என்று சொல்லத் தெரிந்தவள் நான் என்று காட்ட வேண்டும் என்பது இன்னொன்று.

*

இரண்டு நாள் கழித்து சார் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"சரிம்மா, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். பாதிப் பாதி. 11,000 அனுப்பிடறேன். நீ வேணும்னு செய்யல, தெரியாமத்தான் ஆகியிருக்கும். நானும் புள்ள பெத்தவன். பரவால்ல, விடு."

நியாயமாகப் பார்த்தால் அதை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அம்மா, அண்ணன், ஆபீஸ் தோழிகள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பாதிப் பணம் வருகிறது, தலைவலி போகிறது. ஆனால் பாதிப் பணம் என்பது கல்லுக்கான விலைதானே தவிர, நான் உடைத்தேனா இல்லையா என்பதைப் பாதியாக்க முடியாது. பதினோராயிரத்தை வாங்கிக்கொண்டால் நான் முழுசாக உடைத்தவள், அவர் முழுசாக மன்னித்தவர்.

"யோசிச்சு சொல்றேன் சார்" என்று வைத்தேன். வைத்த பிறகும் காதில் நின்றது பணம் இல்லை. அந்தப் 'பரவால்ல, விடு'. அதை எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

கேட்கவில்லை. சொல்லியிருக்கிறேன்.

*

அந்த வீட்டில் எங்களுக்குப் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்க ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் நாலு வீடு செய்கிறவர். காலை ஏழரைக்கு வந்தால் எட்டுக்குள் முடித்துவிட்டுப் போய்விடுவார்.

என்னிடம் ஆச்சியின் ஊறுகாய் ஜாடி ஒன்று இருக்கிறது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை என்று எல்லா வீட்டிலும் இருந்த பீங்கான் ஜாடிதான். ஆச்சி இருந்தவரை அதில் மாங்காய் ஊறுகாய் இருந்தது. ஆச்சி போன பிறகு அம்மா கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்தாள். சென்னையில் நான் அதில் ஊறுகாய் போடவில்லை. கரண்டிகள் போட்டு வைத்திருந்தேன்.

2022-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதில் கல்லுப்பு கொட்டி வைக்கலாம் என்று கரண்டிகளை எடுத்தபோது, வாய் விளிம்பிலிருந்து உள்பக்கமாக ஒரு விரிசல் இறங்கியிருந்தது. மறுநாள் அக்கா வந்ததும் காட்டினேன்.

"நான் ஒடைக்கல பாப்பா. நான் அதத் தொடறதே இல்ல. மேல துணியால தொடைக்கறதோட சரி."

"பரவால்லக்கா, விடுங்க. தெரியாம பட்டிருக்கும். நான் ஒண்ணும் சொல்லல."

"இல்ல பாப்பா, நெசமாவே..."

"அய்யோ, விடுங்கக்கா. பணமா கேட்டேன்?"

அன்று எனக்கு என்னைப் பற்றி ரொம்பப் பெருமையாக இருந்தது. சம்பளத்தில் பிடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. எங்கள் ஆபீஸில் ஒருத்தி கப் உடைந்ததற்கு ஐம்பது ரூபாய் பிடித்ததைச் சொன்னபோது, 'சே, என்ன மனுஷி' என்று நினைத்தவள் நான். அக்கா ஏதோ சொல்ல வந்து, நிறுத்தி, தேய்க்கும் நாரை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அக்காவிடம் ஒரு பழக்கம் வந்தது. "பாப்பா, இந்தத் தட்டு ஏற்கனவே நெளிஞ்சிருக்கு பாத்துக்கோ." "பாப்பா, இந்த டம்ளர்ல கீறல் இருக்கு, தேய்க்கட்டுமா?" "குக்கர் கைப்பிடி ஆடுது, நான் ஆட்டல." காலையில் லாகின் செய்கிற அவசரத்தில் இருப்பேன். எரிச்சலாக வரும். "சரிக்கா, சரிக்கா" என்பேன், திரும்பிப் பார்க்காமல். வயசாகிறது, பேச்சுத் துணை தேடுகிறார் என்று ரூம்மேட்டிடம் சொன்னேன்.

வீட்டுக்குள் போகும்போது ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து வையுங்கள், பின்னால் உதவும் என்று வாடகைக்குப் போகிறவர்களுக்குச் சொல்வார்கள். அக்கா அதைத்தான் தினமும் காலை ஏழரைக்குச் செய்துகொண்டிருந்தார். போனில் இல்லாமல் வாயால்.

*

சாருக்கு போன் செய்து, "பாதி வேண்டாம் சார். கல் வேலை தெரிஞ்ச ஒருத்தரக் கூட்டிட்டு வரேன், உங்க முன்னாடியே பாக்கட்டும். அவர் புதுசுன்னு சொன்னா முழுப் பணமும் நீங்களே வெச்சுக்குங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துச் சம்மதித்தார்.

சிலப்பதிகாரம் படித்த யாருக்கும் இந்த இடத்தில் கண்ணகி ஞாபகம் வராமல் இருக்காது. 22,000 ரூபாய்க்கு மதுரையை இழுப்பதா என்று சிரிக்காதீர்கள். என் கணவன் நல்லவன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த வழக்கு ஜெயித்திருக்காது. சிலம்புக்குள் என்ன பரல் இருக்கிறது என்பதைக் கண்ணகி வழக்காக்கினாள். தேவியுடையதில் முத்து, தன்னுடையதில் மாணிக்கம். நான் ஒரு வாரமாக 'நான் அப்படிப்பட்ட பொண்ணு இல்ல சார்' என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். என் குணத்தைப் பற்றிய பேச்சு அது. கல்லிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

புது வீட்டுக்குப் பக்கத்தில் கிரானைட் கடையில் வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவரை ஐந்நூறு ரூபாய் பேசி ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போனேன். சாரும் அவர் மனைவியும் சமையலறை வாசலில் நின்றார்கள்.

மேஸ்திரி மேலே ரொம்ப நேரம் பார்க்கவில்லை. ஆணி முனையால் கோட்டைக் கீறினார். கறுப்பாகத் துகள் வந்தது. "இது கல்லு இல்ல, பசை. கறுப்புக் கலர் கலந்து அடைச்சு பாலிஷ் போட்டிருக்காங்க. நாளாக நாளாகத் தண்ணி பட்டுத் தேய்ஞ்சு கோடு வெளிய வந்திருக்கு."

"அத இவங்களே அடச்சிருக்கலாம்ல?" என்றார் சார்.

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. சிலிண்டர் வைக்கும் இடத்தில் குந்தி, தலையை உள்ளே விட்டு, மேடையின் அடிப்பக்கத்தில் டார்ச் அடித்தார். "சார், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

சாருக்கு மூட்டு வலி. அவர் மனைவிதான் முதலில் குனிந்தார். பிறகு நான்.

சமையலறைக்கு வெள்ளை அடிக்கும்போது ஆட்கள் மேடையின் அடிப்பக்கத்துக்கும் ஒரு தடவை பிரஷ் ஓட்டிவிடுவார்கள். அங்கேயும் அடித்திருந்தார்கள். விரிசல் அங்கேயும் தெரிந்தது. ஆனால் கறுப்பாக இல்லை, வெள்ளையாக.

"பெயிண்ட் அடிச்சதுக்கு அப்புறம் கல்லு விட்டிருந்தா, பெயிண்ட்டும் சேந்து விட்டிருக்கும். பொளந்த எடத்துல கல்லோட நெறம் தெரியணும். இங்க பெயிண்ட் உள்ள எறங்கிக் காஞ்சிருக்கு. அடிக்கும்போதே பொளவு இருந்திருக்கு." ஆணியால் உள்ளிருந்து வெள்ளைத் துணுக்கு ஒன்றை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "சிங்க்குக்கு வெட்டும்போது மூலைய வளைவா வெட்டணும். இங்க சதுரமா வெட்டிட்டாங்க. அந்த மூலையிலதான் விடும். வெக்கறப்பவே விட்டிருக்கும், அடச்சிட்டுப் போயிருப்பாங்க."

சார், "நீ கூட்டிட்டு வந்த ஆளு உன் பக்கம்தானே பேசுவாரு" என்றார். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

அவர் மனைவி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பெயிண்ட் அடிச்சது இவங்க வர்றதுக்கு முந்தின வாரம்தானேங்க. அப்புறம் எங்க அடிச்சோம்?"

அதுதான். 'புதுசா பெயிண்ட் அடிச்சுக் குடுத்தேன், அதனாலதான் ஒரு மாச வாடகை பிடிக்கறேன்' என்று சாரே பத்து தடவை சொல்லியிருக்கிறார். பால் காய்ச்சிய படத்தில் அந்தப் பெயிண்ட்டின் வெள்ளை பளிச்சென்று இருக்கிறது. விரிசலை மறைத்த படம் கடைசியில் சுவருக்குச் சாட்சி சொன்னது.

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் இந்தக் கோட்டை இதுக்கு முன்ன பாத்ததே இல்லம்மா" என்றார்.

அதை நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. சொந்த வீட்டுச் சமையலறை மேடைக்கு அடியில் ஒருவர் ஏன் குனிந்து பார்க்கப் போகிறார்? வீடு காலியானதும் எல்லாம் கண்ணில் பட்டது, பட்ட அன்றே உடைந்ததாக அவர் எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை 22,000 வந்தது. கொக்கி, கொசுவலைக்கு நான் அனுப்பிய 850 ரூபாயையும் வாங்கிக்கொண்டார். மெசேஜில் ஒரே சொல்: 'செட்டில்டு.' நான் எதிர்பார்த்த சொல் அது இல்லை. ஆனால் ஒரு வாரம் முன்பு எவ்வளவு சுலபமாக நான் அவரிடம் சாரி சொன்னேன் என்பதை நினைத்துக்கொண்டேன்.

*

அன்று ராத்திரி புது வீட்டில், பிரிக்காத அட்டைப்பெட்டியிலிருந்து ஆச்சியின் ஜாடியை எடுத்தேன். கரண்டிகளைக் கொட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். மேஸ்திரி செய்ததைப் போலவே ஒரு குண்டூசியை விரிசலில் விட்டுக் கீறினேன்.

முனையில் செம்பழுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். எத்தனையோ வருடம் ஆகியும் லேசாக வெந்தயமும் நல்லெண்ணெயும். நான் அந்த ஜாடியில் ஒருநாளும் ஊறுகாய் போட்டதில்லை. ஆச்சி வீட்டில் இருந்தபோதே விட்ட விரிசல்.

அம்மாவிடம் கேட்டேன். "அதுல ஒரு கீறல் உண்டும்லா. அதுனாலதான் உங்க ஆச்சி அதப் பரண்ல ஏத்திட்டு வேற ஜாடி வாங்குனா. உன்ட்ட சொல்லலையா?"

சனிக்கிழமை பழைய தெருவுக்குப் போனேன். அக்கா எந்த நேரம் எந்த வீட்டில் இருப்பார் என்று எனக்குத் தெரியும். பதினொன்றரைக்கு மாடி வீட்டு வேலை முடிந்து இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "என்ன பாப்பா, எதுனா விட்டுட்டுப் போய்ட்டியா?"

எதிரிலிருந்த டீக்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். விரிசல், மேஸ்திரி, பெயிண்ட், பிறகு ஜாடி, ஊறுகாய் எண்ணெய், அம்மா சொன்னது. எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன், ஏதோ துப்பறிந்த மாதிரி. கடைசியில், "அன்னிக்கு நீங்க சொன்னத நான் நம்பலக்கா. தப்பு என் மேலதான். மன்னிச்சிருங்க" என்றேன்.

அக்கா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எண்ணெ இருந்துச்சா?"

"ஆமாக்கா. பழைய எண்ணெ. நீங்க ஒடைக்கலன்னு இப்ப நல்லாத் தெரிஞ்சிருச்சு."

"எனக்கு அன்னிக்கே தெரியுமே பாப்பா" என்றார். கோபமாக இல்லை. "நான்தான் சொன்னேனே உன்கிட்ட."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ பணம் பிடிச்சிருந்தாக்கூட சண்ட போட்டிருப்பேன். பரவால்லன்ட்ட. பரவால்லன்றவங்ககிட்ட என்னத்தப் பேசறது?"

பேச்சு அதோடு முடிந்தது. புது வீட்டு வாடகை எவ்வளவு, தண்ணி வருதா, கல்யாணம் எப்போ என்று கேட்டார். மகனுக்கு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்ததைச் சொன்னார். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

டீக்கு நான் பணம் கொடுக்கப் போனபோது அக்கா இரண்டு டம்ளரையும் எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார். ஒன்றைத் திருப்பி விளிம்பை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இது ஏற்கனவே மூக்கு ஒடஞ்சிருக்கு. பாத்துக்குங்க."